பி.வி.சி. குழாயில் ஸ்நார்க்கல் செய்து பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

ஆழமான தண்ணீரைக் கடக்கும்போது எஞ்சின் கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்க உதவும் குழாய்தான் ஸ்நார்க்கல். கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் வண்டிக்குத் தாமே ஸ்நார்க்கல் செய்ய முனைபவர்களில் பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது துளையிடும் ஹோல் சாவைத்தான். மட்கார்டில் ஓட்டை விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் ஏர் ஃபில்டர் பெட்டியில் தொடங்கி வெளிநோக்கி வர வேண்டிய வேலை இது. மட்கார்டில் ஓட்டை போடுவது வேலை பாதி கடந்த பிறகுதான் வர வேண்டும். கூரை உயரத்துக்கு நிற்கும் குழாய் பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், தண்ணீர் எந்த உயரத்தில் உள்ளே புகும் என்பதைத் தீர்மானிப்பது அதன் மேல்வாய் அன்று, பாதையில் எங்கோ அடைபடாமல் கிடக்கும் மிகத் தாழ்ந்த கசிவுதான்.

1. தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டியிலிருந்து பின்னோக்கி, காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கைவிளக்கோடு தேட வேண்டும். பல வண்டிகளில் அந்த வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ மட்கார்டின் உட்புறத்திலோ ஒளிந்திருக்கும். தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டால், இப்போது வண்டிக்கு எவ்வளவு ஆழம் ஆபத்து என்பது தெரிந்துவிடும்.

அந்த ஆபத்தின் அளவையும் எண்ணில் பார்ப்பது நல்லது. 500 சி.சி. கொள்ளளவுள்ள ஒரு சிலிண்டர், 18க்கு 1 என்ற அழுத்த விகிதம் கொண்ட டீசல் எஞ்சினில் இருக்கிறது என்று கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே எஞ்சியிருக்கும் இடம் சுமார் 29 மில்லிலிட்டர்தான். அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், காற்றைப் போல் அது சுருங்கிக் கொடுக்காது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைகிறது. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் ஓர் எஞ்சினை முடித்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் கசிவுச் சோதனைகளை யாரும் அலட்சியமாகச் செய்ய மாட்டார்கள்.

வண்டியின் வெளித்தோற்றத்தை மாற்றும் வேலை இது என்பதால், ஓட்டும் இடத்தின் வாகன விதிகள் இதற்கு இடம்தருகின்றனவா, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடியை ஒட்டி மேலேறும் ஏ-பில்லருக்குள் திரை ஏர்பேக் இருக்கிறதா என்பதையும் வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தத் தூணில் துளையிடும் எண்ணத்தை அப்போதே விட்டுவிட வேண்டும்.

2. குழாயின் அளவைக் கணக்கிடுதல்

‘பெரிய குழாய் என்றால் அதிகக் காற்று’ என்ற பொதுவான நம்பிக்கை ஓரளவுக்குத்தான் சரி. தேவை ஒன்றே: குழாயின் உட்பரப்பு, ஃபில்டர் பெட்டியின் நுழைவாய்ப் பரப்பைவிட எந்த இடத்திலும் குறையக் கூடாது. நுழைவாய் 90 மி.மீ. நீளமும் 45 மி.மீ. அகலமும் உள்ள நீள்வட்டமாக இருந்தால், அதன் பரப்பு சுமார் 3,180 சதுர மி.மீ. வெளிவிட்டம் 75 மி.மீ. உள்ள பி.வி.சி. குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 70 மி.மீ. என்பதால், அதன் பரப்பு 3,850 சதுர மி.மீ. அளவுக்கு வரும், போதுமானது. வெளிவிட்டம் 63 மி.மீ. உள்ள குழாய் இந்த வண்டிக்குப் போதாது.

காற்றின் வேகத்தையும் சரிபார்க்கலாம். 2.5 லிட்டர் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்பாததைக் கழித்தால், நிமிடத்துக்குச் சுமார் 4,250 லிட்டர் காற்றை இழுக்கும். 70 மி.மீ. உள்விட்டத்தில் இது நொடிக்கு 18 மீட்டர் வேகம். டர்போ 1 பார் அழுத்தம் கூட்டினால் காற்றின் தேவையும் வேகமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அத்தகைய எஞ்சினுக்கு, இடம் இருந்தால், 90 மி.மீ. குழாய்க்குப் போவது நல்லது. இடம் இல்லாவிட்டால் 75 மி.மீ. குழாயையே வளைவுகளைக் குறைத்துப் பயன்படுத்தலாம். ஒரு 90 பாகை எல்போவுக்கு (வளைவு இணைப்புக்கு) பதில் இரண்டு 45 பாகை எல்போக்களைச் சிறு இடைவெளியோடு வைத்தால் காற்று எளிதாகத் திரும்பும்.

3. பொருள்களும் கருவிகளும்

பி.வி.சி. குழாய், எல்போக்கள், அதற்குரிய சால்வென்ட் சிமென்ட், கம்பிச்சுருள் பொதிந்த ரப்பர் அல்லது சிலிகோன் ஹோஸ், துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிளாம்புகள், 3 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் தகடு; ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இறுக்கும் வளையத் தகடு) வெட்டிக்கொள்ள ஓர் அலுமினியத் தகட்டுத் துண்டு; எம்5 போல்ட்டுகள், நைலான் பூட்டு நட்டுகள்; சென்சார்களுக்குப் பாதிப்பில்லாதது என்று குறிப்பிடப்பட்ட நியூட்ரல் சிலிகோன் சீலண்ட்; துருத்தடுப்பு பிரைமர், பிளாஸ்டிக் பிரைமர், பெயின்ட்.

எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. குழாயில் பிடிக்கலாம், ஹோஸில் பிடிக்கக் கூடாது. மலிவான மெல்லிய மடிப்புக் குழாயை எஞ்சினின் உறிஞ்சல் உள்நோக்கி நசுக்கிவிடும். ஃபாயில் காகிதத்தாலான குழாய் சில வாரங்களில் உராய்ந்து கிழிந்துவிடும். புளித்த காடி வாசனை வீசும் சாதாரண சிலிகோனும் வேண்டாம்; அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

பி.வி.சி.யின் வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். சுமார் 60 பாகை செல்சியஸுக்கு மேல் அதைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. 80 பாகையை ஒட்டி அது குழைந்துவிடும். எனவே எஞ்சின் அறைக்குள் போகும் பகுதி ஹோஸாக இருக்கட்டும், பி.வி.சி. மட்கார்டுக்கு வெளியிலும் அதன் உட்குழியிலும் மட்டும் நிற்கட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கோ டர்போவுக்கோ அருகில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

4. ஃபில்டர் பெட்டியை அடைத்தல்

மொத்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போக வேண்டும். பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி, கழுவி, உலர்த்தி, வெயிலை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், இதுவரை கண்ணில் படாத துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்.

பெரும்பாலான பெட்டிகளின் அடியில், உள்ளே சேரும் மழைநீர் வடிவதற்கு ஒரு துளையோ வாத்தின் அலகைப் போன்ற ரப்பர் வால்வோ இருக்கும். நான் முதன்முதலில் செய்த ஸ்நார்க்கலில், மேலே ஒவ்வொரு இணைப்பையும் இருமுறை பூசி மெழுகிவிட்டு இந்த வால்வைக் கவனிக்காமல் விட்டேன். ஹோஸால் தண்ணீர் பீச்சிச் சோதித்தபின் மூடியைத் திறந்தபோது, காகித ஃபில்டரின் ஒரு மூலை மட்டும் கரும்பழுப்பாக நனைந்திருந்தது. அதன் நேர்கீழே, வெப்பத்தில் விறைத்துப்போன அந்த ரப்பர் இதழ்கள் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றன. ஆற்றில் இறங்கியிருந்தால் அந்தப் பிளவு தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கும்.

இந்த வால்வை நிரந்தரமாக ஒட்டி மூடிவிடுவதும் தவறுதான், ஏனெனில் மழையில் ஸ்நார்க்கல் வழியே வரும் நீருக்கு வடிய வழியில்லாமல் போகும். அந்த இடத்தில் மரையுள்ள மூடி ஒன்றைப் பொருத்திவிட்டு, கனமழையில் ஓட்டிய பிறகு திறந்து வடித்து மீண்டும் இறுக்கிக்கொள்வதே என் வழக்கம்.

அடுத்து, நுழைகுழாயோடு சேர்ந்து தொங்கும் ரெசனேட்டர் பெட்டியைப் பார்க்க வேண்டும். காற்றின் இரைச்சலைக் குறைக்க வைக்கப்பட்ட அந்த வெற்றுப் பெட்டி பெரும்பாலும் மட்கார்டின் ஆழத்தில், அடியில் சிறு துளையோடு இருக்கும். அதைக் கழற்றி வாயை அடைப்பது எளிது. சில வண்டிகளில், முதல் வாய் அடைபட்டால் தானாகத் திறந்துகொள்ளும் இரண்டாவது காற்றுவாயும் உண்டு. அதையும் மூடியாக வேண்டும்.

குழாயைப் பெட்டியோடு இணைக்கும் முறையில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பெட்டி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆனது, பி.வி.சி. சிமென்ட் அதில் பிடிக்காது, சாதாரணப் பசைகளும் சில நாட்களில் தோல்போல் உரிந்து வந்துவிடும். ஆகவே ஒட்டாமல் இறுக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் வளையம் வெட்டி, அதில் ஹோஸ் ஏறும் அளவுக்குக் குட்டைக் குழாய் ஒன்றைப் பற்றவைத்தோ, உலோக எபாக்சியால் ஒட்டிப் போல்ட்டால் பிடித்தோ ஃபிளாஞ்ச் தயாரித்து, இடையில் ரப்பர் தகடு வைத்துப் பெட்டியின் வாயில் போல்ட் போட வேண்டும். போல்ட்டின் தலை பெட்டிக்கு உள்ளேயும் நட் வெளியேயும் இருக்கட்டும். தளர்ந்தால் நட் தரையில் விழும், பெட்டிக்குள் விழாது. பாப் ரிவெட் வேண்டாம். அதன் உடைந்த ஆணித்தலை உள்ளே தங்கிவிடும்.

மூடியை எக்காரணத்தாலும் சிலிகோனால் ஒட்டக் கூடாது, ஃபில்டரை மாற்ற அதைத் திறந்தாக வேண்டும். நசுங்கிய ஓர ரப்பரை மாற்றி, சிறிது சிலிகோன் கிரீஸ் தடவி, கிளிப்புகள் நான்கும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

5. ஒட்டாமல் கோத்துப் பார்த்தல்

பெட்டியை மீண்டும் பொருத்தி, ஹோஸ், எல்போ, நேர்குழாய் எல்லாவற்றையும் சிமென்ட் இல்லாமல் கோத்து, மாஸ்கிங் டேப்பால் வண்டியோடு பிடித்து நிறுத்த வேண்டும். மட்கார்டைத் துளையிடாமல் இது எப்படி முடியும் என்று கேட்கலாம்: அட்டையில் துளை அளவுக்கு வட்டம் வெட்டி மட்கார்டின் வெளியே ஒட்டி, உட்பாகத்தையும் வெளிப்பாகத்தையும் தனித்தனியே அந்த வட்டத்தை நோக்கி நிறுத்தினால் கோணம் தெரிந்துவிடும்.

இந்நிலையில் பானெட்டை முழுதாகத் திறந்து மூட வேண்டும், முன்கதவை முழுதாகத் திறக்க வேண்டும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி டயர் உட்குழியில் எதையும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து குழாய் எந்தத் திசையை மறைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பானெட்டை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது திறக்கும்போது பின்மூலை சற்று வெளிப்பக்கமாக நகரும் வண்டிகள் உண்டு.

எல்லாம் சரி என்றால், ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து எண் இட வேண்டும். சிமென்ட் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். அந்த நொடிகளில் கோணத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, கோட்டோடு கோட்டைச் சேர்க்கத்தான் நேரம் இருக்கும்.

6. மட்கார்டில் துளையிடுதல்

முதலில் உட்பக்க லைனரைக் கழற்றி, துளை விழும் இடத்துக்குப் பின்னால் வயரோ பிரேக் குழாயோ ஆன்டெனா கேபிளோ இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

மட்கார்டின் மேல் இரண்டடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் மையத்தைக் குறித்து, 3 மி.மீ. துளை ஒன்றை மட்டும் போட வேண்டும். அதன் வழியே கம்பியை நுழைத்து, உள்ளே அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தால், தவறு இருந்தால் இப்போதே தெரியும். 3 மி.மீ. துளையை அடைத்துவிடலாம், 80 மி.மீ. துளையை அடைக்க மட்கார்டையே மாற்ற வேண்டியிருக்கும். அதன் பிறகே ஹோல் சா, அதுவும் குறைந்த வேகத்தில்.

வெட்டிய விளிம்பை அரத்தால் மழித்து, துருத்தடுப்பு பிரைமரும் பெயின்ட்டும் பூசி, முழுதாகக் காயவிட்டு, ரப்பர் ஓரப்பட்டை மாட்ட வேண்டும். இரும்புத் தூள் ஒரு துகள்கூட மிஞ்சாமல் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே பெயின்ட்டின் மேல் துருப்புள்ளிகள் தோன்றும்.

7. ஒட்டுதலும் இறுக்குதலும்

குழாயின் வெட்டுமுனைகளை உள்ளும் புறமும் பிசிறு நீக்க வேண்டும். உட்பிசிறு காற்றைத் தடுப்பதோடு, ஓட்டும்போது மெல்லிய விசில் ஒலியையும் எழுப்பும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இரு பரப்பிலும் சிமென்ட் பூசி, கால்சுற்றுத் திருகியபடி உள்ளே தள்ளி, கோடுகள் சேர்ந்ததும் அரை நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும்.

குழாயை வளைக்கத் தீயில் காட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். மூக்கையும் நுரையீரலையும் எரிக்கும் வாயு அது. சற்று வளைக்கத்தான் வேண்டும் என்றால், குழாயில் உலர்மணலை நிரப்பி, திறந்த வெளியில், ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்க வேண்டும்.

எஞ்சின் தன் ரப்பர் மவுன்டுகளின் மேல் ஆடும், வண்டியின் உடல் வேறு விதமாக ஆடும். இரண்டையும் விறைப்பான குழாயால் இணைத்தால் ஏதாவது ஒரு முனை விரியும். மட்கார்டுக்கும் பெட்டிக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் நீளமாவது ஹோஸ் இருக்கட்டும், அதன் இரு முனையிலும் கிளாம்ப் இருக்கட்டும்.

வெளியே, குழாயைக் கீழே மட்கார்டிலும் மேலே ஏ-பில்லரிலும் பிடிக்க வேண்டும். மேல்பிடிமானம் இல்லாவிட்டால் காற்றும் மரக்கிளைகளும் தரும் விசை முழுவதும் மட்கார்டின் மெல்லிய தகட்டில் இறங்கி, துளையைச் சுற்றி விரிசல் விடும். தூணில் துளையிட முடியாதவர்கள் கூரையின் மழைநீர் ஓடையிலோ கூரைக் கேரியரிலோ கிளாம்ப் மாட்டலாம்.

பெயின்ட் அழகுக்காக மட்டும் அன்று. பூசாத பி.வி.சி. வெயிலின் புற ஊதாக் கதிரில் வெளுத்து நொறுங்கத் தொடங்கும்.

8. மேல்வாய்

எளிய வழி, குழாயின் முனையில் எல்போக்களைச் சேர்த்து வாயைப் பின்னோக்கித் திருப்புவது. மழையும் தூசியும் பூச்சிகளும் குறைவாகப் புகும். முன்னோக்கி வைத்தால் காற்று தானே பாய்ந்து நுழையும் என்ற கணக்கில், கரடுமுரடான பாதையின் வேகத்தில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம். முன்னோக்கித்தான் வைப்பேன் என்பவர்கள் அடிப்பகுதியில் நீர் வடியப் பிளவுகள் வெட்ட வேண்டும். வாயில் ஓர் அகலக் கண் சல்லடை போதும். நுண்ணிய சல்லடை இலையாலும் பூச்சியாலும் அடைபட்டு எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

9. சோதனை

முதல் சோதனை அடைப்புச் சோதனை. எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ரப்பர் ஒட்டிய பலகையால் மேல்வாயை மூட வேண்டும். கசிவு இல்லையென்றால் எஞ்சின் சில நொடிகளில் திணறி நிற்கும். நிற்காமல் ஓடினால், எங்கோ வேறு வழியில் காற்று கிடைக்கிறது. சீறும் ஒலியைக் காதால் பின்தொடர்ந்தால் இடம் தெரியும். உறிஞ்சல் வலுவாக இருக்கும் என்பதால் வெறும் உள்ளங்கையை வைக்க வேண்டாம், எஞ்சின் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். திணறத் தொடங்கியதும் பலகையை எடுத்துவிடலாம். கம்ப்ரஸர் காற்றை உள்ளே ஏற்றிச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது. அழுத்தக் காற்றில் பி.வி.சி. கூரிய சில்லுகளாக வெடிக்கும்.

இரண்டாவது, நீர்ச் சோதனை. எஞ்சினை அணைத்து, மேல்வாயைத் தவிர எல்லா இணைப்புகள் மீதும், பெட்டியின் அடியிலும் பத்து நிமிடம் தண்ணீர் பீச்சிவிட்டு, மூடியைத் திறந்து உலர்ந்த காகிதத்தால் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஆனால் ஸ்நார்க்கல் எஞ்சினின் மூச்சைத் தடுக்கிறதா என்ற ஐயத்துக்கு விடை இதில்தான் கிடைக்கும். ஒரு மீட்டருக்குக் குறையாத கைகள் கொண்ட யு-வடிவத் தெளிவான குழாயில் நிறமூட்டிய நீரை ஊற்றி, அதன் ஒரு முனையை ஃபில்டருக்கு முந்தைய பக்கத்தில், சிறு துளை வழியே இணைக்க வேண்டும். ஃபில்டருக்குப் பிந்தைய பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் இரு கைகளிலும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டைப் பார்க்கட்டும். டர்போ எஞ்சினில் நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்துப் பயனில்லை, சுமை இல்லாமல் டர்போ அழுத்தம் ஏறாது. ஆளற்ற ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்நார்க்கலைப் பொருத்தும் முன்பே ஒருமுறை இதே அளவை எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். சில சென்டிமீட்டர் கூடியிருப்பது இயல்பு. பல மடங்கு கூடியிருந்தால் எங்கோ ஒரு வளைவு மிகக் கூர்மையாக இருக்கிறது.

10. பிரீதர்கள்

ஸ்நார்க்கல் எஞ்சினின் மூச்சுக்கு மட்டுமே உதவும். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றுக்கும் பிரீதர்கள் எனப்படும் தனித்தனி மூச்சுத்துளைகள் உண்டு. சூடாக ஓடிவந்த டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை உள்ளிழுக்கும். எனவே ஒவ்வொரு பிரீதரிலும் எண்ணெய் தாங்கும் ஹோஸை மாட்டி, எஞ்சின் அறையின் உச்சிக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். சஸ்பென்ஷன் முழுதாக இறங்கினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட வேண்டும். செலவு குறைந்த இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களே அதிகம்.

எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி ஆகியவை எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து, அவற்றில் மிகத் தாழ்ந்ததற்குக் கீழேயே உங்கள் புதிய ஆழ வரம்பை வைக்க வேண்டும். கூரை உயரக் குழாய் இருப்பதால் கூரைவரை தண்ணீரில் போகலாம் என்று பொருளில்லை.

11. முதன்முறை தண்ணீரில் இறங்குதல்

முதல் முறை முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடந்து பார்த்து அடித்தளம் தெரிந்த நீராக இருக்கட்டும். நடைவேகத்தில் சீராகப் போனால் வண்டியின் முன் ஓர் அலை உருவாகி, எஞ்சின் அறையில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் பானெட்டின் மேல் ஏறும், ரேடியேட்டர் விசிறியின் இதழ்களும் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கக்கூடும்.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால், மீண்டும் சாவியைத் திருகக் கூடாது. வண்டியை இழுத்து வெளியே கொண்டுவந்து, ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளையோ குளோ பிளக்குகளையோ கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்திக்கொண்டு, பானெட்டைத் திறந்தால் ஈரக்கோடு எந்த உயரம்வரை வந்திருக்கிறது என்பது தெரியும். அதை அளந்து குறித்துக்கொள்ளலாம். எஞ்சின் ஆயிலின் அளவுகோலையும் டிஃபரன்ஷியலின் ஃபில்லர் பிளக்கையும் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், அன்றே வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.